ரஷ்ய வெளியுறவுக் கொள்கை ஏன் இப்படி இருக்கிறது? 1991 பாகப்பிரிவினையிலிருந்து ஒரு விளக்கம்

"ரஷ்யா இன்று நடந்துகொள்ளும் விதத்துக்குக் காரணம் அதிபர் புதின் தானா, நேட்டோ விரிவாக்கமா, பழைய பேரரசுக் கனவா?" என்பது கேள்வி. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் சீக்கிரமே முட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும். நேட்டோ மட்டுமே காரணம் என்றால், 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தபோது ஏன் போர் மூளவில்லை? அந்த ஒரே நாளில் ரஷ்யாவுக்கும் நேட்டோவுக்குமான நில எல்லை சுமார் 1,340 கிலோமீட்டர் கூடி இரட்டிப்பானது. புதின் மட்டுமே காரணம் என்றால், அவர் அதிபராவதற்கு முன்பே நடந்தவற்றை என்ன செய்வது? 1999 மார்ச்சில் வாஷிங்டனுக்குப் பறந்துகொண்டிருந்த பிரதமர் பிரிமகோவ், யுகோஸ்லாவியா மீது நேட்டோ குண்டுவீசப் போகிறது என்று உறுதியானதும் அட்லாண்டிக் கடலுக்கு மேலேயே விமானத்தைத் திருப்பச் சொன்னார். பேரரசுக் கனவுதான் எல்லாம் என்றால், அமூர் நதித் தீவுகளில் ஒன்றை முழுதாகவும் இன்னொன்றில் ஏறக்குறைய பாதியையும் 2008-இல் சீனாவிடம் அமைதியாக ஒப்படைத்தது எப்படி?

இந்த மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பலரும் பேசுவதில்லை. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது கோடு எங்கே விழுந்தது என்பதுதான் அது.

1991 டிசம்பர் 8 அன்று பெலாரஸின் பெலவேஷா காட்டு விடுதியில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அதுவரை மாநில எல்லை போல வெறும் நிர்வாகக் கோடுகளாக இருந்தவை அந்த மாதமே சர்வதேச எல்லைகளாகிவிட்டன. அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் யாரும் ஒருநாள் அவற்றில் சுங்கச் சாவடி வரும் என்று நினைத்துப் போடவில்லை. குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது கிணறு ஒருவர் பங்கிலும், வயல் இன்னொருவர் பங்கிலும், வாய்க்கால் மூன்றாமவர் நிலத்திலும் போய்விட்டால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரஷ்யாவுக்கு நடந்தது அதுதான். எரிவாயு மேற்கு சைபீரியாவில். வாங்குபவர்கள் ஜெர்மனியிலும் இத்தாலியிலும். நடுவில் குழாய் உக்ரைன் மண்ணில். கருங்கடல் படையின் தலைமைத் தளம் கிரைமியத் தீபகற்பத்தின் செவஸ்தபோலில், அதுவும் உக்ரைனில். விண்வெளி ஏவுதளமான பைக்கனூர் கஜகஸ்தானில். அதற்கு ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் குத்தகை, 2050 வரை. கலினின்கிராட் மாகாணம் லிதுவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே தனித் துண்டாக. இவை போக, ரஷ்ய இனத்தவர் சுமார் 2.5 கோடிப் பேர் வேறு வேறு நாடுகளின் குடிமக்களாக விழித்தெழுந்தார்கள்.

பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தம்பிகள் இரண்டு விதமாக வாழலாம். வாய்க்காலுக்கு வாடகை கொடுத்து, பேசித் தீர்த்து, பழகிக்கொள்ளலாம். அல்லது விட்டதைப் பிடிக்கலாம். ரஷ்யா இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்தது. அது விட்டதைப் பிடிக்கப் போன ஒவ்வொரு முறையும் முன்பிருந்ததைவிடப் பெரிய பள்ளத்தில் விழுந்தது. கடந்த முப்பது ஆண்டு ரஷ்ய வெளியுறவுக் கொள்கையை நான் படிக்கும் முறை இதுதான்.

இதற்கு ஒரு சின்ன உதாரணத்தை அருகிலிருந்து பாருங்கள். சோவியத் போர்க்கப்பல்களுக்கான எரிவாயு டர்பைன் இன்ஜின்களைச் செய்துவந்தது உக்ரைனின் மிகோலாயிவ் நகரத்திலுள்ள ஸோர்யா-மாஷ்புரோயெக்ட் ஆலை. சோவியத் கலைந்த பிறகும் ரஷ்யா அங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தது. கருங்கடல் படைக்கென்று 11356 ரகத்தில் ஆறு ஃபிரிகேட் போர்க்கப்பல்களை கலினின்கிராட்டின் யாந்தர் கப்பல் தளத்தில் கட்டத் திட்டமிட்டார்கள். முதல் மூன்றுக்கு இன்ஜின் வந்து சேர்ந்தது. 2014-இல் ரஷ்யா கிரைமியாவை எடுத்துக்கொண்டதும் உக்ரைன் ராணுவப் பொருள் விற்பனையை நிறுத்திவிட்டது. மற்ற மூன்று கப்பல்களின் உடல் இருக்கிறது, இன்ஜின் இல்லை. ரஷ்யாவிலேயே மாற்று இன்ஜின் செய்ய வருடங்கள் ஆயின; கோர்ஷ்கோவ் ரகக் கப்பல்களும் இதே காரணத்தால் தாமதப்பட்டன. கடைசியில் அந்த மூன்றில் இரண்டை 2018-இல் இந்தியா வாங்க ஒப்புக்கொண்டது. இன்ஜினை இந்தியாவே உக்ரைனிடம் வாங்கி, ரஷ்யக் கப்பல் தளத்துக்குக் கொடுத்தது. அவைதான் 2024 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்த ஐஎன்எஸ் துஷில், 2025 ஜூலையில் சேர்ந்த ஐஎன்எஸ் தமால். கருங்கடல் தளத்தைக் காப்பாற்றத்தான் கிரைமியாவுக்குள் போனார்கள். அந்தத் தளத்துக்கு வரவேண்டிய கப்பல்கள் அதனாலேயே கைநழுவிப் போயின.

செவஸ்தபோல் கதையையும் ஆண்டு வாரியாகப் பார்க்க வேண்டும். 1997 ஒப்பந்தப்படி ரஷ்யப் படை 2017 வரை அங்கே குத்தகைக்கு இருக்கலாம். 2010 ஏப்ரலில் கார்கிவ் நகரில் போட்ட ஒப்பந்தம் அதை 2042 வரை நீட்டித்தது. பதிலுக்கு உக்ரைனுக்கு ஆயிரம் கன மீட்டர் எரிவாயுவில் 100 டாலர் வரை தள்ளுபடி. தளமும் குழாயும் ஒரே பேரத்தில் கட்டப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். 2014 பிப்ரவரியில் உக்ரைன் அதிபர் யானுகோவிச் ஆட்சி கவிழ்ந்ததும், புதிய அரசு இந்தக் குத்தகையை ரத்து செய்துவிடும், ஒருநாள் நேட்டோ கப்பல்கள் அங்கே நிற்கும் என்கிற பயம் மாஸ்கோவைப் பிடித்துக்கொண்டது. மார்ச் 18-இல் கிரைமியா இணைப்பு. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருந்தது என்று ஒப்புக்கொண்டாலும், செய்தது அண்டை நாட்டின் நிலத்தைப் படையால் பறித்ததுதான். 1994-இல் புடாபெஸ்டில் உக்ரைன் தன் மண்ணிலிருந்த அணுகுண்டுகளை ஒப்படைத்தபோது அதன் எல்லையை மதிப்பதாக எழுதிக் கொடுத்த நாடுகளில் ரஷ்யாவும் ஒன்று.

அதற்குப் பிறகு என்ன ஆனது? கிரைமியா வறண்ட நிலம். அதன் தண்ணீரில் சுமார் 85 சதவீதம் தினீப்பர் நதியிலிருந்து வட கிரைமியக் கால்வாய் வழியாக வந்துகொண்டிருந்தது. உக்ரைன் அதை அடைத்தது. கிரைமியாவில் நெல் சாகுபடி நின்றது. 2020-இல் சிம்ஃபெரோபோலில் நேரம் வைத்துக் குழாய்த் தண்ணீர் விட்டார்கள். ரஷ்யாவிலிருந்து நிலவழி இல்லாததால் சுமார் 19 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெர்ச் பாலம் கட்ட வேண்டிவந்தது. 2018 மே மாதம் சாலை திறந்தது. 2022 பிப்ரவரியில் படையெடுத்த முதல் சில நாட்களிலேயே ரஷ்யப் படையினர் அந்தக் கால்வாயை மறித்திருந்த அணையைத் தகர்த்தார்கள். தண்ணீர் வந்தது. 2023 ஜூன் 6 அன்று, ரஷ்யாவின் பிடியிலிருந்த ககோவ்கா அணை உடைந்து, கால்வாய்க்கு நீர் தந்த நீர்த்தேக்கமே வற்றிப்போனது. கெர்ச் பாலத்தில் 2022 அக்டோபரில் குண்டு வெடித்தது. கப்பல் படையின் பெரும் பகுதி செவஸ்தபோலை விட்டு நொவரசீஸ்க் துறைமுகத்துக்கு ஒதுங்கியிருக்கிறது. எந்தத் தளத்துக்காக இவ்வளவும் நடந்ததோ அந்தத் தளமே இன்று பாதுகாப்பான இடமாக இல்லை.

எரிவாயுவுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் மிக அடர்த்தியாக இருக்கிறது. செய்திகளில் "எரிவாயு ஆயுதம்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே உடைகிறது என்று சொல்வதில்லை.

எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எந்த நாட்டுக்கும் அனுப்பலாம். எரிவாயு அப்படியில்லை. 1,420 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில், வழிநெடுக அழுத்த நிலையங்கள் வைத்துத் தள்ள வேண்டும். குழாய் போட்ட திசையில்தான் வாடிக்கையாளர். விற்பவருக்கு வாங்குபவர் மீது எவ்வளவு பிடி இருக்கிறதோ, அவ்வளவு பிடி வாங்குபவருக்கும் இருக்கிறது. நடுவில் குழாய் வைத்திருப்பவருக்கு இருவர் மீதும் பிடி. 2009 வாக்கில் ஐரோப்பாவுக்குப் போன ரஷ்ய எரிவாயுவில் ஏறக்குறைய 80 சதவீதம் உக்ரைன் வழியாகத்தான் போனது. விலைத் தகராறில் 2006 ஜனவரியில் சில நாட்களும், 2009 ஜனவரியில் ஏறக்குறைய இரண்டு வாரமும் ஓட்டம் நின்றது. இரண்டாவது முறை, நடுங்கும் குளிரில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் தவித்தன.

இதிலிருந்து மாஸ்கோ எடுத்த முடிவு உக்ரைனைச் சுற்றிப் போவது. பால்டிக் கடலுக்கடியில் வைபோர்கிலிருந்து ஜெர்மனியின் லுப்மின் வரை 1,224 கிலோமீட்டருக்கு நார்ட் ஸ்ட்ரீம் முதல் தொடர் 2011 நவம்பரில் திறந்தது. ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர் கொள்ளளவு. கருங்கடல் வழியாகத் துருக்கிக்கு டர்க்ஸ்ட்ரீம் 2020 ஜனவரியில், 3,150 கோடி. நார்ட் ஸ்ட்ரீம் இரண்டாவது தொடர் 2021 செப்டம்பரில் முடிந்தது. இன்னொரு 5,500 கோடி. கூட்டிப் பாருங்கள். உக்ரைன் தேவையே இல்லாமல் ஐரோப்பாவுக்கு விற்கலாம் என்ற நிலை காகிதத்தில் வந்துவிட்டது. 2019 டிசம்பரில் உக்ரைனோடு போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம் முதல் ஆண்டுக்கு 6,500 கோடி, பிறகு ஆண்டுக்கு 4,000 கோடி என்று குறைந்ததும் அதனால்தான். சிலர் இந்தக் குழாய்களை வெறும் வணிகம் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. உக்ரைன் குழாயில் ஓட்டம் இருக்கும்வரை ரஷ்யாவே உக்ரைனில் போரை விரும்பாது என்கிற ஒரு காப்பு இருந்தது. சுற்றுவழிக் குழாய் ஒவ்வொன்றும் அந்தக் காப்பை மெல்லியதாக்கியது.

2022 பிப்ரவரி 22 அன்று ஜெர்மனி இரண்டாவது தொடருக்கான அனுமதியை நிறுத்தியது. இரண்டு நாளில் படையெடுப்பு. அந்தக் கோடையில் ரஷ்ய அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் முதல் தொடரின் ஓட்டத்தை 40 சதவீதமாக்கி, பிறகு 20 ஆக்கி, செப்டம்பர் தொடக்கத்தில் முற்றிலும் நிறுத்தியது. டர்பைன் பழுது என்று காரணம் சொன்னார்கள். செப்டம்பர் 26 அன்று கடலடியில் வெடிப்பு. நான்கு குழாய்களில் மூன்று உடைந்தன. மாஸ்கோவின் கணக்கு, ஐரோப்பா குளிர்காலத்தில் பணிந்துவிடும் என்பது. ஐரோப்பா அந்த இலையுதிர் காலத்துக்குள் சேமிப்புக் கிடங்குகளை நிரப்பியது, திரவ எரிவாயுக் கப்பல்களை அதிக விலை கொடுத்து இழுத்தது, ஜெர்மனி டிசம்பரிலேயே வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் முனையத்தைத் திறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயு இறக்குமதியில் 2021-இல் சுமார் 45 சதவீதமாக இருந்த ரஷ்யப் பங்கு 2024-இல் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போனது. 2023-இல் காஸ்ப்ரோம் 62,900 கோடி ரூபிள் நஷ்டம் காட்டியது. 1999-க்குப் பிறகு அந்த நிறுவனம் கண்ட முதல் ஆண்டு நஷ்டம் அது. உக்ரைன் வழி ஓட்டம் 2025 ஜனவரி 1 அன்று ஒப்பந்தக் காலம் முடிந்து அடியோடு நின்றது.

"அந்த எரிவாயுவைச் சீனாவுக்குத் திருப்பினால் போயிற்று" என்று சொல்பவர்கள் வரைபடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். 2019 டிசம்பரில் தொடங்கிய பவர் ஆஃப் சைபீரியா குழாய் கிழக்கு சைபீரியாவின் சயந்தா, கொவிக்தா வயல்களிலிருந்து எடுக்கிறது. ஆண்டுக்கு 3,800 கோடி கன மீட்டர். ஐரோப்பாவுக்குப் போனது மேற்கு சைபீரியாவின் யமல் பகுதி எரிவாயு. இரண்டு வலையமைப்புகளுக்கும் நடுவே இணைப்பே இல்லை. இணைக்க வேண்டுமென்றால் மங்கோலியா வழியாக பவர் ஆஃப் சைபீரியா 2 வேண்டும். அதன் திட்டக் கொள்ளளவு 5,000 கோடி. 2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் அதற்கான ஆவணம் கையெழுத்தானதாக காஸ்ப்ரோம் அறிவித்தது. ஆனால் விலை அப்போதும் முடிவாகியிருக்கவில்லை. விற்பவருக்கு வேறு வாசல் இல்லை என்று தெரிந்த வியாபாரி அவசரப்பட மாட்டார். சீனா காத்திருக்கிறது.

சீனா உறவைப் பற்றிய என் கணிப்பும் இதிலிருந்தே வருகிறது. 2022 பிப்ரவரி 4 அன்று இரு நாடுகளும் எல்லையற்ற நட்பு என்று அறிவித்தன. 2023-இல் இருதரப்பு வணிகம் 24,000 கோடி டாலரைத் தொட்டது. கார், இயந்திரம், மின்னணுப் பாகம் எல்லாம் சீனாவிலிருந்து வருகின்றன. நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லையில் அமைதி இருப்பதால்தான் ரஷ்யா தன் கிழக்குப் படைப்பிரிவுகளை உக்ரைனுக்கு அனுப்ப முடிந்தது. இது உண்மையான பயன். ஆனால் ஒரே வாங்குபவரை நம்பிய விற்பனை, பிறகு அந்த வாங்குபவரின் விலையாகத்தான் முடியும்.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். ரஷ்ய அரசியல் சட்டத்தின் 80-ஆம், 86-ஆம் பிரிவுகள் வெளியுறவுக் கொள்கையைத் தீர்மானிப்பதையும் நடத்துவதையும் அதிபர் கையில் தருகின்றன. ஸ்மோலென்ஸ்கயா சதுக்கத்தில் ஸ்டாலின் காலத்து வானுயர் கட்டடத்தில் இருக்கும் வெளியுறவு அமைச்சகம் அதை எடுத்துச் சொல்லும் இடம். 2004 மார்ச் முதல் அமைச்சராக இருக்கும் லாவ்ரோவ் மிகத் திறமையான ராஜதந்திரிதான். ஆனால் போரா சமாதானமா என்பது அவர் மேசையில் முடிவாவதில்லை. அதிபரின் வெளியுறவு உதவியாளர் உஷாகோவ், பாதுகாப்பு கவுன்சில், உளவுத்துறைத் தலைவர்கள் என்ற சிறிய வட்டத்தில்தான் எடை இருக்கிறது. புதின், 2008 முதல் 2024 வரை பாதுகாப்பு கவுன்சில் செயலராக இருந்த பத்ருஷெவ், உள்நாட்டு உளவுத்துறையான எஃப்எஸ்பியின் தலைவர் போர்த்னிகோவ் மூவருமே 1951-52-இல் பிறந்தவர்கள், 1970களில் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் லெனின்கிராட் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டில் ஒரு மக்கள் எழுச்சி நடந்தால், அதன் பின்னால் எந்த உளவுத்துறை இருக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் அங்கிருந்து வருகிறது. ஜார்ஜியா 2003, உக்ரைன் 2004, மீண்டும் 2014 என்று மூன்றையும் அவர்கள் அப்படித்தான் படித்தார்கள். மக்கள் தாங்களாகவே தெருவுக்கு வருவார்கள் என்பது அந்தப் படிப்பில் இடம்பெறவில்லை.

2022 பிப்ரவரி 21 அன்று கிரெம்ளின் மண்டபத்தில் நடந்த பாதுகாப்பு கவுன்சில் கூட்டம் தொலைக்காட்சியில் வந்தது. ரஷ்ய அரசு எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அதைவிட நல்ல பாடம் இல்லை. புதின் ஒரு மேசையில் தனியாக, மற்றவர்கள் தூரத்தில் வளைவாக நாற்காலிகளில். டொனட்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக அங்கீகரிக்கலாமா என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். வெளிநாட்டு உளவுத்துறைத் தலைவர் நரிஷ்கின் எழுந்து, மேற்கு நாடுகளுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்ற தொனியில் தொடங்கினார். புதின் இடைமறித்து, பேச்சுவார்த்தை நடத்தச் சொல்கிறீர்களா, அங்கீகாரத்தை ஆதரிக்கிறீர்களா, நேராகச் சொல்லுங்கள் என்றார். நரிஷ்கின் தடுமாறினார். ஆதரிப்பேன் என்றார். ஆதரிப்பீர்களா, ஆதரிக்கிறீர்களா என்று புதின் மறுபடி கேட்டார். பதற்றத்தில் அந்தப் பகுதிகளை ரஷ்யாவோடு இணைப்பதை ஆதரிப்பதாகச் சொல்லிவிட்டார். நாம் அதைப் பேசவில்லை என்று திருத்தி உட்கார வைத்தார் புதின். நாட்டின் வெளிநாட்டு உளவுக்குப் பொறுப்பானவரே மாற்று யோசனையை ஒரு வாக்கியம்கூட முழுதாகச் சொல்ல முடியாத அறை அது. அந்த அறைக்குள், உக்ரைன் தலைநகர் கீவ் நம்மை எதிர்த்துப் போராடும், சில நாளில் முடியாது என்ற தகவலை யார் கொண்டுபோயிருக்க முடியும்? பிரிமகோவ் காலத்திலும் ரஷ்யாவுக்கு மேற்கின் மீது கோபம் இருந்தது. ஆனால் அப்போது எதிர்வாதம் சொல்ல இடமும் இருந்தது. ஒரு தனிமனிதர் எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு என் பதில் இது: பயத்தையும் கோபத்தையும் புதின் உண்டாக்கவில்லை, அவற்றைச் சரிபார்க்கும் வழிகளை அடைத்தது அவர்தான்.

நேட்டோ விஷயத்தில் மேற்கின் தவறையும் சொல்லியாக வேண்டும். 1999-இல் மூன்று நாடுகள், 2004-இல் பால்டிக் நாடுகள் உட்பட ஏழு நாடுகள் சேர்ந்தன. 2007 பிப்ரவரியில் மியூனிக்கில் புதின் தன் ஆத்திரத்தை வெளிப்படையாகக் கொட்டினார். 2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட் மாநாட்டில், உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று நேட்டோ அறிவித்தது. எப்போது என்று தேதி இல்லை. சேர்க்கைக்கான செயல்திட்டமும் இல்லை. மாஸ்கோவைச் சீண்ட அந்த வாக்கியம் போதுமானதாக இருந்தது. கீவையும் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியையும் காக்க அது போதவில்லை. நான்கு மாதத்தில் ஜார்ஜியாவில் போர் வந்தது. அரைகுறை வாக்குறுதிதான் எல்லாவற்றிலும் மோசமானது என்று நான் நினைக்கிறேன்.

பின்லாந்தை விட்டுவிட்டு உக்ரைனுக்குப் படை போனதற்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. 2021 ஜூலையில் புதின் பெயரில் கிரெம்ளின் வெளியிட்ட நீண்ட கட்டுரை ரஷ்யர்களும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று வாதிட்டது. பின்லாந்தை வேற்று நாடாக மாஸ்கோ எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. உக்ரைனை ஏற்கவில்லை. ரஷ்யர்கள் அண்டைக் குடியரசுகளைக் குறிக்க "அருகமை அயல்நாடு" என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். முழு அயல்நாடு இல்லை என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒளிந்திருக்கிறது. 2023 மார்ச் 31 அன்று வெளியான வெளியுறவுக் கொள்கை ஆவணம் ரஷ்யாவைத் தனித்துவமான ஒரு நாகரிக அரசு என்று அழைக்கிறது. 1993-இல் வந்த முதல் ஆவணத்தோடு இதை வைத்துப் படித்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

அந்த வட்டாரத்திலேயே பிடி தளர்ந்திருப்பதையும் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் ஆர்மீனியர்கள் வாழ்ந்த கராபாக் பகுதியை அஜர்பைஜான் பிடித்தபோது அங்கிருந்த ரஷ்ய அமைதிப்படை தடுக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். ரஷ்யாவின் ராணுவக் கூட்டணியில் தன் பங்கேற்பை ஆர்மீனியா 2024-இல் முடக்கி வைத்தது.

சிரியாவில் மறுபடி அதே துறைமுகக் கதை. 1936 மோந்த்ரே ஒப்பந்தப்படி கருங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் நீரிணைகளின் சாவி துருக்கியிடம். 2022 பிப்ரவரி இறுதியில் அது போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களுக்கு வாசலை மூடியது. அதனால் சிரியாவின் தர்தூஸ் தளத்தின் மதிப்பு பல மடங்கு ஏறியது. வெளியே மாட்டிக்கொண்ட கப்பல்களுக்கு எரிபொருளும் பழுதுபார்ப்பும் வேறெங்கே? பக்கத்திலுள்ள ஹ்மெய்மிம் விமானத் தளம் லிபியாவுக்கும் மாலிக்கும் போகும் சரக்கு விமானங்களுக்கு இறங்குதளம். 49 ஆண்டு ஒப்பந்தம் கையில் இருந்தது. 2024 டிசம்பர் 8 அன்று சிரிய அதிபர் அசாத் மாஸ்கோவுக்கு ஓடிவந்தார். ஒப்பந்தத்தின் மறுபக்கக் கையெழுத்துக்காரரே இல்லாமல் போனார். துருக்கியோடு ரஷ்யா எவ்வளவு சீற்றத்தையும் விழுங்கிக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும். 2015 நவம்பரில் தன் போர் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய அதே நாட்டுக்கு 2019-இல் எஸ்-400 ஏவுகணைகளை அனுப்பி வைத்தார்கள். சாவி வைத்திருப்பவரோடு சண்டை கட்டுப்படியாகாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, 1971 ஆகஸ்ட் 9 ஒப்பந்த காலத்து நினைவுகள் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்றைய உறவு எண்ணெயும் அணு உலையும். 2022 டிசம்பர் 5 முதல், பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விற்ற ரஷ்யக் கச்சா எண்ணெய்க்கு மேற்கத்திய கப்பல், காப்பீட்டுச் சேவை கிடையாது என்று விலை வரம்பு வந்தது. ரஷ்யா பழைய டேங்கர்களை வாங்கிச் சேர்த்துத் தனிக் கப்பல் கூட்டத்தை உருவாக்கியது. பிரிமோர்ஸ்க், உஸ்த்-லுகா துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சில நாளில் போன சரக்கு, பல வாரப் பயணமாக குஜராத்துக்கு வந்தது. போருக்கு முன் இந்திய இறக்குமதியில் 2 சதவீதத்தைக்கூடத் தொடாத ரஷ்ய எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியது. தள்ளுபடி இந்தியாவுக்கு லாபம். ஆனால் 2024-25 நிதியாண்டில் 6,870 கோடி டாலர் இருதரப்பு வணிகத்தில் இந்தியாவின் ஏற்றுமதி 500 கோடியைக்கூட எட்டவில்லை. ரூபாயில் பணம் வாங்கினால் அதை வைத்து வாங்கப் பொருள் இல்லை என்பதால் ரூபாய் வழிக் கொடுக்கல் வாங்கல் தேங்கியது. ஐக்கிய அரபு அமீரக நாணயமான திர்ஹமில் செலுத்தும் வழக்கம் வந்தது.

அணு உலை வேறு வகைப் பிடி. அது சத்தமில்லாதது, நீண்டது. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் திட்டத்தில் முதல் உலை 2013-இல்தான் மின்சாரம் தந்தது. கையெழுத்திட்ட நாடு கலைந்துபோனது, ஒப்பந்தம் பிழைத்தது. கட்டப் பத்தாண்டுக்கு மேல், ஓட்ட அறுபது ஆண்டு, அவ்வளவு காலமும் எரிபொருளும் உதிரிப் பாகமும் ரஷ்யாவிலிருந்து. துருக்கியின் அக்குயு, வங்கதேசத்தின் ரூப்பூர், எகிப்தின் எல் தபா எல்லாவற்றிலும் ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனமான ரோஸாட்டம் இதைத்தான் செய்கிறது. டாங்கிகளால் கிடைக்காத செல்வாக்கு இதில் கிடைத்திருக்கிறது. ரஷ்யா தன் பலத்தை இந்த வழியில் மட்டும் செலவிட்டிருந்தால் அதன் அண்டை நாடுகளும் அதன் சொந்த மக்களும் எவ்வளவு உயிர்களை இழக்காமல் இருந்திருப்பார்கள் என்ற ஆற்றாமை எனக்கு உண்டு.

பேச்சுவார்த்தைச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு சட்ட விவரம் தேவைப்படும். 2022 செப்டம்பர் 30 அன்று டொனட்ஸ்க், லுஹான்ஸ்க், சபோரிஜியா, கெர்சன் நான்கையும் ரஷ்யாவோடு சேர்ப்பதாகக் கையெழுத்தானது. அரசியல் சட்டத்தின் 65-ஆம் பிரிவில் அவற்றின் பெயர்கள் ஏறின. 2020 திருத்தத்தின்படி 67-ஆம் பிரிவு நிலத்தைப் பிரித்துக் கொடுக்கும் செயலையும், அப்படிக் கொடுக்கச் சொல்லும் பேச்சையும் தடுக்கிறது. சபோரிஜியா நகரத்துக்குள் ரஷ்யப் படை நுழையவே இல்லை. கெர்சன் நகரத்தைக் கையெழுத்தான ஆறு வாரத்தில் உக்ரைன் மீட்டுக்கொண்டது. ஆனால் காகிதத்தில் இரண்டும் ரஷ்ய மாகாணங்களின் தலைநகரங்கள். 65-ஆம் பிரிவைத் திருத்த வழியே இல்லை என்பதில்லை. கீழவையில் மூன்றில் இரண்டு பங்கு, மேலவையில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும், மூன்றில் இரண்டு பங்கு மாகாணச் சட்டமன்றங்களும் போதும், அதிபர் நினைத்தால் சில வாரத்தில் முடியும். ஆகவே அடுத்த முறை இஸ்தான்புல்லிலோ வேறெங்கோ ரஷ்யக் குழு உட்காரும்போது, அறிக்கையில் நான்கு மாகாணங்களும் முழுதாகச் சொல்லப்படுகின்றனவா, அல்லது போர்முனைக் கோடு என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் முந்தைய பேச்சுகளில் ரஷ்யக் குழுவுக்குத் தலைமை தாங்கி வரலாற்றுப் பாடம் எடுத்த மெதின்ஸ்கியா, அதிபரின் காதுக்கு அருகிலிருக்கும் உஷாகோவா என்பதையும் பாருங்கள்.